கோல்ஃபாக்ஸ் பலகையின் இரண்டு வாக்கியங்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், சிவப்பாற்றின் கரையில் கோல்ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 1,400 சொச்சம். கிராண்ட் பாரிஷின் தலைநகரம் இதுதான். மற்ற மாநிலங்கள் கவுன்டி என்று சொல்வதை லூசியானாவில் பாரிஷ் என்பார்கள். நம் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நவம்பரில் இங்கே பீகன் கொட்டைத் திருவிழா நடக்கும். அதை விட்டால் வெளியூர்க்காரர் வண்டியை நிறுத்துவதற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லாத ஊர். ஆனால் இந்த ஊர் நீதிமன்றத்தின் பக்கத்தில் மாநில அரசு நட்டு வைத்த ஓர் உலோகப் பலகை 70 ஆண்டுகள் நின்றது. அதில் இருந்தவை இரண்டே வாக்கியங்கள்:

"இந்த இடத்தில் கோல்ஃபாக்ஸ் கலவரம் நிகழ்ந்தது, அதில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர். 1873 ஏப்ரல் 13-ல் நடந்த இந்நிகழ்ச்சி தெற்கில் கார்ப்பெட்பேக்கர்களின் சீர்கெட்ட ஆட்சி முடிந்ததைக் குறித்தது."

மூன்றுக்கு 150. கலவரம் என்றால் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? பலகையில் உள்ள எண்ணே பலகையில் உள்ள சொல்லைப் பொய்யாக்கிவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் இன்னும் விசித்திரம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்து தெற்கின் அரசியலில் இறங்கியவர்களுக்குத் தெற்கத்தி வெள்ளையர்கள் வைத்த வசைப்பெயர்தான் கார்ப்பெட்பேக்கர். பழைய தரைவிரிப்புத் துணியில் தைத்த மலிவான பையைத் தூக்கிக்கொண்டு பிழைக்க வந்தவன் என்ற ஏளனம் அது. 150 பேர் செத்ததைச் சொன்ன கையோடு, அதனால் நல்லதுதான் நடந்தது என்கிறது பலகை.

தெற்கத்திச் சிற்றூர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மறைக்கப்பட்ட வரலாறு' என்று சொல்வது வழக்கம். கோல்ஃபாக்ஸுக்கு அது பொருந்தாது. இடம், தேதி, பிணங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் உலோகத்தில் வார்த்து, போகிற வருகிறவர் படிக்கட்டும் என்று சாலையோரம் நிறுத்தியிருந்தார்கள். நினைவு அங்கே இருக்கத்தான் செய்தது. அதை எழுதும் உரிமை யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது என்பதுதான் இந்த ஊரில் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில், 1873-ல் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

1865-ல் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசியல் சட்டத் திருத்தங்கள் வழியாக, விடுதலையான கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் அவர்களில் ஆண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தன. தோற்ற தென்மாநிலங்களில் மத்திய அரசின் படை நிறுத்தப்பட்டிருந்தது. இதைத்தான் மறுசீரமைப்புக் காலம் என்கிறார்கள். அடிமை முறையை எதிர்த்த லிங்கனின் கட்சிதான் அன்றைய குடியரசுக் கட்சி. லூசியானாவில் அந்தக் கட்சியின் அரசு 1869-ல் புதிதாக ஒரு பாரிஷை உண்டாக்கியது. போரில் தெற்கை வீழ்த்திய தளபதியும் அப்போதைய ஜனாதிபதியுமான கிராண்ட்டின் பெயரைப் பாரிஷுக்கு வைத்தார்கள். துணை ஜனாதிபதி ஸ்கைலர் கோல்ஃபாக்ஸின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். தோற்றுப்போன வெள்ளையர்களுக்கு அந்தப் பெயர்களே தினமும் குத்தும் முள். ஊர் அமைந்த நிலம் அதுவரை கால்ஹூன் என்ற பெரும்பண்ணைக் குடும்பத்தின் தோட்டம். நீதிமன்றமாக ஆக்கப்பட்ட கட்டடம் அந்தப் பண்ணையின் குதிரை லாயம்.

1872-ல் நடந்த ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வில்லியம் பிட் கெல்லாக், எதிரணியின் ஜான் மெக்எனரி இருவருமே தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொன்னார்கள். இருவரும் பதவியேற்றுக்கொண்டார்கள். மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர், ஒவ்வொரு பாரிஷுக்கும் இரண்டு ஷெரிஃப், இரண்டு நீதிபதி. வாஷிங்டன் கெல்லாக்கை ஆதரித்தது. 1873 மார்ச் கடைசியில் கெல்லாக் நியமித்த அதிகாரிகள் கோல்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் போய் அமர்ந்தார்கள். வெள்ளையர்கள் ஆயுதங்களோடு திரண்டு வருகிறார்கள் என்ற செய்தி பரவியதும் சுற்று வட்டாரத்துக் கறுப்பினத்தவர்கள் அந்த அதிகாரிகளைக் காக்க நீதிமன்றத்தைச் சுற்றி அகழி வெட்டிக் காவல் இருந்தார்கள். ஏப்ரல் 5-ம் தேதி ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற கறுப்பின விவசாயி தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பயந்துபோன குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு ஊருக்குள் வந்து அடைக்கலம் புகுந்தன.

ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. போட்டி ஷெரிஃபாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ், பழைய தெற்குப் படைக்காரர். அவர் தலைமையில் பக்கத்துப் பாரிஷ்களிலிருந்தும் சேர்ந்து ஏறத்தாழ 150 வெள்ளையர்கள் குதிரைகளில் வந்தார்கள். ஒரு சிறு பீரங்கியும் கொண்டுவந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வெளியேற அரை மணி நேரம் கொடுத்தார்கள். நண்பகலுக்குப் பிறகு சண்டை தொடங்கியது. உள்ளே இருந்தவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகள். ஆற்றங்கரைப் பக்கமாகப் பீரங்கியைக் கொண்டுபோய் வைத்துச் சுட்டதும் அகழிக் காவல் சிதறியது. ஓடியவர்களைக் குதிரையில் துரத்திக் கொன்றார்கள். மீதிப் பேர் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். பிடிபட்ட ஒரு கறுப்பினத்தவரை மிரட்டியே கட்டடத்தின் கூரைக்குத் தீ வைக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெள்ளைக் கொடி காட்டினார்கள். அந்த நேரத்தில்தான் ஜேம்ஸ் ஹாட்னாட் என்ற வெள்ளையர் தலைவர் குண்டடி பட்டார். சரணடைவதாக ஏமாற்றிச் சுட்டார்கள் என்று வெள்ளையர் தரப்பு கடைசி வரை சொல்லி வந்தது. அது அவர்கள் ஆட்களின் குண்டாகவே இருக்கலாம் என்பது மறுதரப்பு. எப்படியானாலும், பெரும்பாலான சாவுகள் இந்தச் சண்டையில் நிகழவில்லை. சரணடைந்து, ஆயுதம் இல்லாமல் காவலில் உட்கார்ந்திருந்த கைதிகளை அன்று இரவு ஜோடி ஜோடியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டார்கள். லீவை நெல்சன் என்பவர் குண்டு பட்டும் சாகாமல், செத்தவர்போல் கிடந்து பிழைத்தார். பின்னால் நீதிமன்றத்தில் ஏறி நின்று சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டு நாள் கழித்து அரசு அதிகாரிகள் வந்து சேர்ந்தபோது பிணங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. தற்காப்புக்கு வெட்டிய அகழியே பலருக்குக் குழியாகிவிட்டது.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றும் ஒற்றை விடை கிடையாது. 1875-ல் நாடாளுமன்றத்துக்குப் போன ராணுவ அறிக்கை 81 பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆற்றில் 15 முதல் 20 உடல்கள் வரை வீசப்பட்டன, இன்னும் 18 பேர் ரகசியமாகப் புதைக்கப்பட்டார்கள் என்றும் அது மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்களின் கணக்கு 60-க்குச் சற்று மேலே தொடங்கி 150 வரை போகிறது. ஆக, பலகையில் இருந்த 150 என்பது உச்சக் கணக்கு. கொன்றவர்கள் பக்கம் நின்று எழுதப்பட்ட பலகை எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கவில்லை. குறைக்க வேண்டிய அவமானம் எதையும் எழுதியவர்கள் உணரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த அவமானம் ஏன் இல்லாமல் போனது என்பதற்குச் சட்டப் பக்கம் ஒரு காரணம் இருக்கிறது. கொலை என்பது அமெரிக்காவில் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். மாநில நீதிமன்றத்தில் வழக்கு நடக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் மத்திய அரசின் வழக்கறிஞர் ஜேம்ஸ் பெக்வித், 1870-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பிடித்தார். குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்வது அதன்படி மத்தியக் குற்றம். 97 பேர் மீது குற்றச்சாட்டு. பிடித்து விசாரிக்க முடிந்தது ஒன்பது பேரை மட்டும். 1874-ல் இரண்டு முறை விசாரணை நடந்து, கடைசியில் வில்லியம் க்ரூக்ஷாங்க் உட்பட மூன்று பேர் மீது சதிக் குற்றம் உறுதியானது. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அந்த மூன்று பேரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1876 மார்ச் 27-ல் தலைமை நீதிபதி மாரிசன் வெயிட் எழுதிய தீர்ப்பு வந்தது: அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் மாநில அரசுகளின் கையைத்தான் கட்டுகிறது, தனி மனிதர்களை அல்ல. கூட்டம் கூடும் உரிமையும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் மத்திய அரசு தலையிடாமல் இருப்பதற்கான காப்புகள் மட்டுமே. ஆகவே குற்றச்சாட்டு செல்லாது. மூவரும் விடுதலை. தனியார் கும்பல் கறுப்பின வாக்காளர்களைக் கொன்றால் அதைக் கேட்க வேண்டியது மாநிலம். மாநிலமோ அந்தக் கும்பலின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் க்ரூக்ஷாங்க் வழக்கைப் படிக்காதவர்கள் குறைவு. அந்த வழக்கு எந்த ஊரின் அகழியிலிருந்து வந்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி.

இப்போது பலகையின் இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தால், நேர்த் தகவலாகவே அது தப்பு. கோல்ஃபாக்ஸில் 1873-ல் எந்த ஆட்சியும் முடியவில்லை. கெல்லாக் 1877 ஜனவரி வரை ஆளுநராக இருந்தார். மத்தியப் படை லூசியானா அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது 1877 ஏப்ரலில். ஆனால் கொன்றவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வாக்கியத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. கோல்ஃபாக்ஸில் ஒரு வழிமுறை சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே லூசியானாவில் 'வெள்ளையர் சங்கம்' என்ற ஆயுதக் கூட்டம் முளைத்தது. 1874 ஆகஸ்டில் அதே சிவப்பாற்றங்கரையில் கவுஷாட்டா என்ற ஊரில் ஆறு குடியரசுக் கட்சி அதிகாரிகளைக் கொன்றது. செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலேயே மாநில அரசின் காவல் படையோடு மோதிச் சில நாட்கள் ஆட்சியைப் பிடித்தது. பிறகு சட்டப் புத்தகமும் அந்தப் பக்கம் வந்தது. 1898-ல் லூசியானா எழுதிக்கொண்ட புதிய அரசியல் சட்டம் கல்வித் தகுதி, சொத்துத் தகுதி, தாத்தா ஓட்டுப் போட்டிருந்தால் விலக்கு என்றெல்லாம் விதி போட்டது. 1896-ல் மாநிலத்தில் 1,30,000-க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1900-ல் 5,320 ஆனது.

கோல்ஃபாக்ஸில் முதல் நினைவுச் சின்னம் எழுந்தது இதற்கெல்லாம் பிறகு, 1921-ல். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் 12 அடி உயரப் பளிங்குத் தூண். செத்த மூன்று வெள்ளையர்களான ஸ்டீபன் டிகேட்டர் பாரிஷ், ஜேம்ஸ் வெஸ்ட் ஹாட்னாட், சிட்னி ஹாரிஸ் பெயர்களைச் சொல்லி, இந்த வீரர்கள் 'வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடி கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் வீழ்ந்தார்கள்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒளிவு மறைவே இல்லை. நிகழ்ச்சி நடந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை மறுத்துப் பேச வேண்டியவர்களுக்கு அந்த ஊரில் ஓட்டும் இல்லை, ஆட்சிக் கட்டடத்தில் நாற்காலியும் இல்லை. செத்த மற்றவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை.

நீதிமன்றப் பக்கத்துப் பலகை 1950-ல் வார்க்கப்பட்டது. இது வேறு வகைப் பொருள், வேறு வழியில் பிறந்தது. அமெரிக்காவில் சாலையோர வரலாற்றுப் பலகைகளை மாநில அளவில் ஒரு திட்டமாக முதலில் தொடங்கியது வர்ஜினியா, 1920-களின் பிற்பாதியில். கார் பெருகிய காலம். சுற்றுலாக்காரர் நெடுஞ்சாலையில் போகும்போது நின்று பார்க்க ஏதாவது வேண்டும். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. இன்று டெக்சாஸில் மட்டுமே 16,000-க்கும் மேற்பட்ட அரசுப் பலகைகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கில் இது பெரிய வேகம் எடுத்தது. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் பலகையை நட்டது வரலாற்றுத் துறை இல்லை, வணிக-தொழில் துறை. படுகொலை நடந்த இடம் பயணிகளை இழுக்கும் ஒரு நிறுத்தமாகத்தான் அந்த அலுவலகத்தின் கணக்கில் வந்தது.

இந்தப் பலகைகளின் வாசகம் எப்படி உருவாகிறது என்பதை வைத்தே பாதி விஷயம் புரியும். பொதுவாக உள்ளூரில் ஒரு குடும்பமோ வரலாற்றுச் சங்கமோ கேட்கும். மாநில அலுவலகம் பார்த்து அனுமதிக்கும். பல மாநிலங்களில் செலவைக் கேட்பவரே கொடுக்க வேண்டும். அரசு யாரையும் தேடிப் போய்க் கேட்பதில்லை. எனவே எந்த ஊரிலும் பணமும் ஓய்வும் கடிதம் எழுதும் பழக்கமும் அதிகாரிகளிடம் அறிமுகமும் இருந்தவர்கள் நினைத்தது உலோகத்தில் ஏறியது. பழைய தோட்ட மாளிகை, முதல் தேவாலயம், தெற்குப் படைத் தளபதி தங்கிய இரவு. தெற்கில் பெரும்பாலான சிற்றூர்களின் பலகைகளை வரிசையாகப் படித்தால், அங்கே பருத்தி தானாகவே முளைத்துத் தானாகவே மூட்டை கட்டிக்கொண்டது என்று நினைக்கத் தோன்றும்.

என் பார்வையில் கல்லறைத் தூணைவிடப் பலகைதான் பெரிய கேடு. தூண் தன் கட்சியைச் சொல்லிவிடுகிறது. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்பது படித்த உடனே தெரியும். அதை நம்பி ஏமாற ஒன்றுமில்லை. பலகையோ மாநிலத்தின் பெயரோடு, 'நிகழ்ந்தது', 'கொல்லப்பட்டனர்', 'குறித்தது' என்று யாரும் செய்யாமல் தானே நடந்ததைப்போலப் பேசுகிறது. கொன்றவர் யார் என்பதற்கு அந்த இரண்டு வாக்கியத்திலும் இடமே கிடையாது. அதே ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகளும் சேர்த்து, அதைக் கடந்துதான் போனார்கள். அரசு எழுதிய ஒரு வாக்கியத்தை எதிர்த்து ஒரு பாட்டி வீட்டில் சொன்ன கதை எவ்வளவு தூரம் நிற்கும்?

ஆனாலும் நின்றது. கிராண்ட் பாரிஷின் கறுப்பினக் குடும்பங்களில் யார் செத்தார், யார் காட்டுக்குள் ஓடிப் பிழைத்தார் என்ற கதைகள் தலைமுறை தாண்டி வந்தன. 2000-களில் அந்தப் படுகொலையைப் பற்றிப் புதிய ஆய்வு நூல்கள் வெளியாகின. பழைய சாட்சியங்கள் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தன. பலகையை அகற்றக் கோரியவர்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஒரு சாதாரண நிர்வாக விஷயத்தை: இது யாருடைய சொத்து? யாரிடம் மனு கொடுப்பது? மாநிலத் துறை நட்டதால் மாநிலம்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாகி, 2021 மே மாதம் பலகை கழற்றப்பட்டது. பெரிய கூட்டமோ மோதலோ இல்லாமல் போய்விட்டது. நியூ ஆர்லியன்ஸில் 1874 மோதலுக்காக 1891-ல் எழுப்பிய தூணை 2017 ஏப்ரலில் அகற்றியபோது, வேலையாட்கள் முகத்தை மூடி, குண்டு துளைக்காத அங்கி அணிந்து, விடியும் முன்னே வேலை பார்க்க வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் கோல்ஃபாக்ஸ் அமைதியாகவே நடந்துகொண்டது.

கல்லறைத் தூண் இருந்த இடத்திலேயே இருந்தது. அது மாநிலத்தின் பலகை இல்லை என்பதால் அந்த மனு அதைத் தொடவில்லை.

பலகை போனதால் ஊரில் உண்டான வெற்றிடம் இரண்டாண்டு நீடித்தது. 2023 ஏப்ரல் 13, சரியாக 150-வது ஆண்டு. ஏறத்தாழ ஏழு அடி உயரக் கறுப்பு கிரானைட் கல் ஒன்று கோல்ஃபாக்ஸில் திறக்கப்பட்டது. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமான இருவரில் ஒருவர் ஏப்ரல் 5-ல் சுடப்பட்ட ஜெஸ்ஸி மெக்கின்னியின் வழிவந்தவர். மற்றவர் தாக்க வந்த வெள்ளையர் ஒருவரின் வழிவந்தவர். கல்லில் கொல்லப்பட்ட 57 பேரின் பெயர்களும், உயிர் பிழைத்ததாக உறுதியான 35 பேரின் பெயர்களும் இருக்கின்றன. கவனித்தால், பழைய பலகையின் 150 இங்கே 57 ஆகிவிட்டது. ஆவணத்தால் நிறுவ முடிந்த பெயர்களை மட்டும் வெட்டுவது என்று முடிவெடுத்ததன் விளைவு அது. ராணுவ அறிக்கையின் 81 பெயர்களிலும் எழுத்துப் பிழை, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், பட்டப்பெயர் என்று எத்தனையோ சிக்கல்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். விடுதலைக்குப் பிறகுதான் பலருக்குக் குடும்பப் பெயரே பதிவானது. எண்ணைச் சொல்வது சுலபம், பெயரைச் சொல்லத்தான் வேலை செய்ய வேண்டும். பிழைத்தவர்களையும் சேர்த்தது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. இன்று அந்தப் பாரிஷில் வாழ்கிற குடும்பங்கள் பலவும் அந்த 35 பேர் வழியாக வந்தவைதானே.

கோல்ஃபாக்ஸில் எழுத்து கைமாற 150 ஆண்டு ஆனது. கைமாறிய பிறகு அது நிலைக்குமா என்ற கேள்விக்கு இன்னொரு ஊரைப் பார்க்க வேண்டும்.

மிசிசிப்பி மாநிலம், டலாஹாச்சி கவுன்டி, சம்னர். கோல்ஃபாக்ஸைவிடவும் சின்ன ஊர். சில நூறு பேர். 1955 செப்டம்பரில், 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கடத்திக் கொன்றதாக ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவர் மீதும் நடந்த வழக்கு இங்கேதான் விசாரிக்கப்பட்டது. வெள்ளையர் மட்டுமே கொண்ட 12 பேர் நடுவர் குழு 67 நிமிடம் பேசி இருவரையும் விடுவித்தது. சில மாதங்கள் கழித்து இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொன்றது தாங்கள்தான் என்றே சொன்னார்கள். அந்த நீதிமன்றத்தின் வாசலில் 1913-ல் எழுப்பிய தெற்குப் படைவீரர் சிலை நிற்கிறது. டில் வழக்கைப் பற்றி 50 ஆண்டு காலம் அங்கே ஒரு வரிகூட இல்லை. கோல்ஃபாக்ஸ் பெருமையோடு எழுதி வைத்தது. சம்னர் வாயை மூடிக்கொண்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் வந்து எழுதிப் போன வழக்கு என்பதால் பெருமைப்பட முடியாது, மறுக்கவும் முடியாது.

2006-ல் கவுன்டி ஒரு குழுவை அமைத்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அதில் உறுப்பினர்கள். 2007 அக்டோபரில் நீதிமன்றத்தின் முன்னால் டில் குடும்பத்திடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு, டில்லின் உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கிராபால் கரையில் ஒரு பலகை நட்டார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்னொன்று நட்டார்கள், அதில் 317 குண்டுத் துளைகள் விழுந்தன. அது 2021-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வரை போய்ப் பார்வைக்கு வைக்கப்பட்டது. மூன்றாவது 2018 ஜூனில் வந்தது. ஐந்து வாரத்துக்குள் அதையும் சுட்டார்கள். 2019 அக்டோபரில் நான்காவது பலகை: 500 பவுண்டு எடை, குண்டு துளைக்காத எஃகு. ஓர் ஊரின் வரலாற்றுப் பலகைக்கு இந்தத் தகுதி தேவைப்படுகிறது என்றால், அதை யாரும் வெறும் சுற்றுலா அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆளில்லாத ஆற்றங்கரையில், ஒரு கிராமப் பாதையின் முடிவில், இரவில் போய்ச் சுடுகிறார்கள்!

பக்கத்திலிருக்கும் மனி என்ற குக்கிராமத்தின் கதை வேறு தினுசு. கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சம்பவம் நடந்த, டில் சென்ற மளிகைக்கடை அங்கேதான். கடை தனியார் சொத்து. கூரை விழுந்து, செடி கொடி ஏறிச் சுவர் மட்டும் மிச்சம். அதன் முன்னால் 2011-ல் மாநிலத்தின் 'விடுதலைப் பாதை' பலகை வந்தது. 2017-ல் அதன் வாசகத்தையும் படத்தையும் யாரோ உரித்தெடுத்தார்கள். இதற்கிடையில் குடிமை உரிமைச் சின்னங்களைக் காக்க மிசிசிப்பி ஒதுக்கிய நிதியிலிருந்து 2,00,000 டாலருக்கும் மேல் அந்தக் கிராமத்துக்கு வந்தது. எதற்கு? மளிகைக்கடைக்கு அடுத்த பெட்ரோல் பங்க்கைப் புதுப்பிக்க. டில் கொலையில் அதற்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. 1950-களின் கிராமத்துப் பெட்ரோல் பங்க் எப்படி இருந்தது என்பதை இன்று பளபளவென்று பார்க்கலாம். பக்கத்தில் கடை இடிந்துகொண்டிருக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்குத்தான் நிதி போய்ச் சேரும் என்ற பழைய விதி, நல்ல நோக்கத்தோடு ஒதுக்கிய பணத்திலும் வேலை செய்திருக்கிறது.

இன்னொரு பக்கம், பழையதை எடுக்கவே கூடாது என்ற சட்டங்களும் உண்டு. தென் கரோலினா 2000-லும், வட கரோலினா 2015-லும், அலபாமா 2017-லும் நினைவுச் சின்னங்களைக் காக்கச் சட்டம் போட்டன. அலபாமாவில் 40 ஆண்டுக்கு மேல் பழைய சின்னத்தை ஒரு நகராட்சி தொட்டால் 25,000 டாலர் அபராதம். இந்தச் சட்டங்கள் இருக்கும் மாநிலங்களில் ஊர் முழுக்க ஒரே மனதாக விரும்பினாலும் கோல்ஃபாக்ஸில் 2021-ல் நடந்ததைப்போலச் சுலபமாக நடத்திவிட முடியாது. எடுக்க முடியாத இடங்களில் பக்கத்தில் இன்னொன்றை நடுவதே வழி. அலபாமாவின் மான்ட்கோமரியிலேயே, கும்பல் கொலைகளில் இறந்தவர்களுக்கான தேசிய நினைவிடம் 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட கவுன்டிகளுக்கு ஆளுக்கொரு எஃகுத் தூண் அங்கே தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியை வெளியே கிடத்தி, உங்கள் கவுன்டியினுடையதை வந்து எடுத்துப்போய் ஊரில் நடுங்கள் என்று அழைப்பு விடுத்தார்கள்.

சம்னரைப் பொறுத்தவரை, 2023 ஜூலை 25-ல் ஜனாதிபதி பைடன், எம்மெட் டில் பெயரிலும் அவருடைய அம்மா மேமி டில்-மோப்லி பெயரிலும் தேசிய நினைவுச் சின்னம் ஒன்றை அறிவித்தார். சம்னர் நீதிமன்றம், கிராபால் கரை, சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயம் மூன்றும் அதில் அடங்கும். குண்டு வாங்கிய கரைக்கு மத்திய அரசின் பாதுகாப்பு கிடைத்தது என்று பலரும் நிம்மதிப்பட்டார்கள்.

மத்திய அரசின் கைக்குப் போவதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 மார்ச் 27-ல் ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த உத்தரவு, தேசியப் பூங்காக்களையும் நினைவிடங்களையும் நிர்வகிக்கும் இன்டீரியர் துறையின் இடங்களில், அமெரிக்கர்களைத் தகாத முறையில் இழிவுபடுத்தும் வாசகங்கள் இருக்கக் கூடாது என்றது. அதன்பின் அந்த ஆண்டு கோடையில், அப்படிப்பட்ட வாசகம் எதையாவது பார்த்தால் தெரிவியுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்கும் அறிவிப்புகள் பூங்காக்களில் முளைத்தன. 1955-ல் இருவரை விடுவித்த நடுவர் குழுவைப் பற்றி ஒரு பலகை எப்படி எழுதினால் அது இழிவு, எப்படி எழுதினால் வரலாறு என்பதை இனி அந்தத் துறையின் அலுவலர்கள் பார்ப்பார்கள். கோல்ஃபாக்ஸ் கிரானைட் கல் தேசியப் பூங்காத் துறையின் கையில் இல்லை.